கடைசி ஐம்பது மீட்டரில் தம் போகாமல் இருக்க

பிள்ளை 50 மீட்டரை நன்றாக நீந்துகிறாள், 100 மீட்டரும் பரவாயில்லை. 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில்தான் கடைசி ஐம்பதில் தத்தளிக்கிறாள். கேலரியிலிருந்து பார்த்தாலே தெரியும். மூச்செடுக்கத் தலை பக்கவாட்டில் திரும்பாமல் மேலே எழும். தலை எழுந்தால் இடுப்பு இறங்கும். கை தண்ணீரைப் பிடிக்காமல் வெறுமனே அடிக்கும்.

"தம் இல்லை, இன்னும் பத்து லேப் போடு" என்று ஒரு கோடை முழுக்க என் மகளிடம் சொன்னேன். களைத்த கையோடு போட்ட லேப்கள் களைத்த ஸ்ட்ரோக்கைத்தான், அதாவது கை போடும் விதத்தைத்தான், பழக்கின, தோள்வலியும் வந்தது. ஸ்ட்ரோக் கெடாமல் எவ்வளவு தூரம் போக முடிகிறதோ, அதுதான் தம். அதை வளர்க்கும் முறை இது. நிற்காமல் 400 மீட்டர் நீந்தத் தெரிந்த, 10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சரியாக இருக்கும். கோச்சிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

1. கையை எண்ணுங்கள்

நிதானமாக ஒரு 50 மீட்டர் நீந்தச் சொல்லி, எத்தனை கை போடுகிறாள் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். 48 என்று வைத்துக்கொள்வோம். பயிற்சியில் அது 53, 54 என்று ஏறினால் ஸ்ட்ரோக் உடைகிறது என்று பொருள். அன்றைக்கு அந்த செட்டை, அதாவது ஓய்வு விட்டு விட்டு நீந்தும் அந்தத் தொடரை, அங்கேயே நிறுத்திவிடலாம்.

2. அவளுக்கான வேகத்தைக் கண்டுபிடியுங்கள்

நன்றாக வார்ம்-அப் செய்தபின் 400 மீட்டரை முழு முயற்சியோடு நீந்தட்டும். பத்து நிமிடம் மெல்ல நீந்தி இளைப்பாறியதும், அதே போல 200 மீட்டர். 400-க்கு 7 நிமிடம், 200-க்கு 3 நிமிடம் 20 வினாடி என்றால், வித்தியாசம் 220 வினாடி. அதில் பாதி 110. ஆக, 100 மீட்டருக்கு 1:50. ஏறக்குறைய இந்த வேகத்தை அவளால் நெடுநேரம் தாக்குப்பிடிக்க முடியும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி பார்த்தால் போதும்.

3. செட்

வாரத்தில் இரண்டு நாள் மட்டும், அந்த 1:50 வேகத்தில் ஆறு 100 மீட்டர். ஒவ்வொன்றுக்கும் நடுவே 15 முதல் 20 வினாடி ஓய்வு. ஓய்வு இவ்வளவு குறைவாக இருப்பதால் இதயத் துடிப்பு முழுதாக இறங்காது; ஆக்ஸிஜனைக் கொண்டே தொடர்ந்து உழைக்கத் தசை பழகும்.

பிள்ளைகள் இங்கேதான் தடுக்கி விழுவார்கள். உற்சாகத்தில் முதல் நூறை 1:40-இல் முடித்துவிட்டு, ஐந்தாவதில் இரண்டு நிமிடத்துக்குப் போய்விடுவார்கள். சுவர் ஓரம் ஸ்டாப்வாட்சோடு நின்று ஒவ்வொரு டைமிங்கையும் சொல்லுங்கள். 1:49, 1:50, 1:50, 1:51 என்று வந்தால் அருமை. ஆறும் அப்படி வந்தால் அடுத்த வாரம் ஏழு, பிறகு எட்டு, பத்து வரை போகலாம். அப்புறம்தான் ஓய்வைக் குறைக்க வேண்டும். இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள்.

2016 ரியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க நீச்சல் வீராங்கனை கேட்டி லெடெக்கி 800 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 8:04.79-இல் முடித்த பந்தயத்தைப் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். சராசரியாக 50 மீட்டருக்கு 30.3 வினாடி. நடு லேப்கள் எவ்வளவு சீராக வருகின்றன என்று பார்த்தாலே, நாம் விளக்கிச் சொல்வதைவிட நன்றாகப் புரிந்துகொள்வாள்.

மற்ற நாட்களில் ஸ்ட்ரோக் திருத்தம், கிக் போர்டு (மிதக்கும் பலகையைப் பிடித்துக் காலை மட்டும் அடிப்பது), 25 மீட்டர் வேக நீச்சல். வேகத்தையும் விட்டுவிடக் கூடாது.

4. மூச்சு

நிறையப் பிள்ளைகள் தண்ணீருக்குள் மூச்சை அடக்கி வைத்துக்கொண்டு, தலையைத் திருப்பும்போது விடுவதையும் இழுப்பதையும் சேர்த்துச் செய்கிறார்கள். அந்த அரை நொடி அதற்குப் போதாது. குளத்தின் ஓரத்தைப் பிடித்து நின்று முங்கி, மூக்கிலும் வாயிலும் குமிழியாக விட்டுக்கொண்டே இருந்து, எழுந்ததும் இழுக்க மட்டும் பழக்குங்கள். தினமும் 20 தடவை.

"மூச்சடக்கி யார் அதிக தூரம் போவது" என்ற போட்டியை மட்டும் அனுமதிக்கவே வேண்டாம். எந்த முன்னறிகுறியும் இல்லாமல் தண்ணீருக்குள்ளேயே மயங்கிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள்.

5. கரையில்

காலைப் பயிற்சிக்கு முன் ஒரு வாழைப்பழம். முடிந்ததும் இட்லியோடு முட்டையோ சுண்டலோ. குளத்துக்குள்ளும் வியர்க்கும், தெரியாது. தண்ணீர் பாட்டில் கரையிலேயே இருக்கட்டும். 12 வயது வரை குறைந்தது 9 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஐந்து மணிக்கு எழ வேண்டுமென்றால் எட்டு மணிக்கே படுக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. தோள் வலிக்கிறது என்றால் நீச்சலை நிறுத்துங்கள், "தாங்கிக்கோ" என்று சொல்லாதீர்கள். வலி தொடர்ந்தால் டாக்டர்.

போட்டி வாரத்தில் தூரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். அன்று கேலரியில் உட்கார்ந்து கடைசி ஐம்பதின் கைகளை எண்ணுங்கள். என் மகளுக்கு முன்பெல்லாம் 58 வரும். போன போட்டியில் 51.