இரட்டை கார்ப் சீ-டூ: முதலில் சின்க், அப்புறம்தான் ட்யூனிங்

1990களில் கனடாவிலிருந்து வந்த சீ-டூ ஜெட் ஸ்கிகள் பலவற்றில் இரண்டு சிலிண்டர் ரோட்டாக்ஸ் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினும் இரண்டு மிகுனி கார்புரேட்டரும் இருக்கும். ஒரு சிலிண்டருக்கு ஒரு கார்ப். இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே அளவு திறப்பதுதான் சின்க். அப்படித் திறக்காவிட்டால் ஒரு சிலிண்டர் இழுக்கும், மற்றது அதன் பின்னால் ஓடும். அந்த நிலையில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் திருகைத் தொட்டுப் பயனில்லை.

தொடங்கும் முன் சீட்டைக் கழற்றி நன்றாகக் காற்றோட விடுங்கள். படகின் அடியில் பெட்ரோல் ஆவி தேங்கும். ஒரு பொறி போதும். பிளக்குகளைக் கழற்றி கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பாருங்கள். ஸ்டார்ட்டரைச் சுழற்றும்போது பிளக் வயர்கள் எர்த் முனையில் மாட்டியிருக்க வேண்டும். இரண்டு சிலிண்டருக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கோளாறு கார்பில் இல்லை. பெட்ரோல் குழாய் பழசாகி உள்ளே பச்சைப் பசை படிந்திருந்தால் குழாயை மாற்றி, கார்புக்குள் இருக்கும் குட்டி ஃபில்டரையும் சுத்தம் செய்யுங்கள்.

இனி சின்க். எஞ்சின் ஓடக் கூடாது. ஏர் பாக்ஸைக் கழற்றினால், காற்று வழியைத் திறந்து மூடும் வட்டத் தகடுகளான இரண்டு பட்டர்ஃபிளையும் தெரியும். திராட்டிலைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகத்தை அமைக்கும் ஐடில் திருகை முழுதும் பின்வாங்குங்கள். இரண்டு கார்பையும் இணைக்கும் சின்க் திருகைத் தளர்த்தி, இரண்டு பட்டர்ஃபிளையையும் விரலால் இறுக மூடிப் பிடித்தபடி திருகை இறுக்குங்கள். அப்புறம் ஐடில் திருகை, தட்டைத் தொடும் வரை உள்ளே கொண்டுவந்து இன்னும் கொஞ்சம் திருப்புங்கள்.

சரி, பொருந்திவிட்டதா? ஒரு மெல்லிய டிரில் பிட்டின் தண்டை இரண்டு பட்டர்ஃபிளைக்கும் அடியில் மாறி மாறி நுழைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு தடை இருக்க வேண்டும். முழு திராட்டிலில் இரண்டும் கிடைமட்டமாக நிற்க வேண்டும்.

திராட்டில் கேபிளைத் தொட்டிருந்தால் ஆயில் பம்பை மறக்கவே கூடாது. பம்ப் லீவரில் உள்ள கோடும் பம்ப் உடலில் உள்ள கோடும் நேராக வர வேண்டும். பின்தங்கினால் ஆயில் குறையும், பிஸ்டன் சீஸ் ஆகும், அதாவது சிலிண்டருக்குள் சிக்கி நின்றுவிடும்.

ஒவ்வொரு கார்பிலும் உள்ள லோ-ஸ்பீடு, ஹை-ஸ்பீடு மிக்சர் திருகுகளுக்கு மேனுவல் சொல்லும் அளவே தொடக்கம். மெதுவாக உள்ளே திருப்பி, அடி தட்டியதும் நிறுத்தி, அங்கிருந்து எண்ணுங்கள். அழுத்தி இறுக்கினால் ஊசி முனை கெடும். உள்ளே போனால் பெட்ரோல் குறையும், வெளியே வந்தால் கூடும்.

படகைத் தண்ணீரில் இறக்கி, கட்டி வைத்து, சூடானபின் ஐடிலைச் சுமார் 1500 ஆர்பிஎம்முக்குக் கொண்டுவாருங்கள். திராட்டில் அழுத்தியதும் எஞ்சின் தடுமாறிச் செத்தால் பெரும்பாலும் பெட்ரோல் குறைவு. லோ-ஸ்பீடு திருகைக் கால் சுற்று வெளியே எடுங்கள். புகை கக்கி மந்தமாக ஏறினால் உள்ளே திருப்புங்கள். இரண்டு கார்பிலும் ஒரே அளவு.

ஹை-ஸ்பீடு திருகில் மட்டும் பேராசை வேண்டாம். பெட்ரோல் குறைந்தால் ஆர்பிஎம் ஏறுவதுபோல் தெரியும், பிஸ்டன் சூடாகி உருகும். எனக்கு எப்போதும் கொஞ்சம் ரிச்சாக (பெட்ரோல் சற்றுக் கூடுதலாக) வைப்பதுதான் நிம்மதி. சோதிக்க, யாருமில்லாத திறந்த நீரில் முழு வேகத்தில் சிறிது ஓட்டி, லேன்யார்டை (எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு) பிடுங்கி எஞ்சினை நிறுத்துங்கள். நின்றால் திருப்ப முடியாது, முன்னே இடம் வேண்டும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், அதன் முனை பழுப்பாக இருந்தால் நல்லது. வெள்ளையாக இருந்தால் உடனே ஹை-ஸ்பீடு திருகை வெளியே திருப்பி, மறுபடி சோதியுங்கள்.