ராமநாதபுரம் கடற்கரைக்கு வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடி மாதத்தில் ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி போகிறீர்கள் என்றால், முகுந்தராயர் சத்திரம் தாண்டியதும் ஓரிடத்தில் வண்டியை ஓரங்கட்டி இரண்டு பக்கமும் பாருங்கள். வலப்பக்கம் மன்னார் வளைகுடா, வெள்ளை நுரையாக உடைந்து கரையோரக் கற்களில் அடித்துக்கொண்டிருக்கும். இடப்பக்கம் பாக் நீரிணை, ஊரணித் தண்ணீர் மாதிரி சும்மா கிடக்கும். நடுவில் இருப்பது ஒரே ஒரு சாலைதான். ஊர்க்காரர்கள் கொந்தளிக்கிற மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள், அமைதியான பாக் நீரிணையைப் பெண் கடல் என்பார்கள்.

இந்த இரண்டையும் ஒரே கடலாக நினைத்து இறங்குவதுதான் முதல் தவறு. பெண் கடல் என்றால் எப்போதும் சாது என்று நம்புவது அடுத்த தவறு. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தெற்குக் கடல் கொந்தளிக்கும். ஐப்பசியில் காற்று வடக்கிலிருந்து வாடையாகத் திரும்பிவிட்டால் வடக்குக் கடலும் முரண்டு பிடிக்கும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் வந்ததும் அந்தப் பருவத்தில்தான். அதனால் துடுப்புப் படகு, ஸ்நார்க்கெலிங் (மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டு நீந்துவது) என்று முன்பதிவு செய்வதற்கு முன்னால், போகிற மாதத்துக்கு எந்தப் பக்கக் கடல் அடங்கியிருக்கும் என்று கேளுங்கள். அன்று காலையில் கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் ஒரு அண்ணனிடம், "இன்னைக்கிக் காத்து எப்படிண்ணே?" என்று கேட்டால் போதும். அவரே கடலுக்குப் போகவில்லை என்றால் நீங்களும் போக வேண்டாம்.

தனுஷ்கோடிச் சாலை முடிகிற அரிச்சல்முனையில் குளிக்கவே கூடாது. இரண்டு கடலும் சேரும் இடம் அது. முழங்கால் தண்ணீர்தானே என்று நின்று பாருங்கள், அலை திரும்பும்போது குதிகாலுக்கு அடியில் மணல் கரைந்து போவது தெரியும். நீரோட்டத்தின் இழுவை அப்படி. பெரியவர்களுக்கே கால் நழுவும்போது, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். குளிக்கத்தான் வேண்டுமென்றால் அமைதியான நாளில் அரியமான் கடற்கரைக்குப் போங்கள்.

ஆழமில்லாத இடத்திலும் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடக்காதீர்கள். மணலுக்குள் திருக்கை மீன் படுத்திருக்கும். மிதித்தால் வாலிலுள்ள முள்ளால் குத்திவிடும், வலி உயிர் போகும். காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தால் அதுவே விலகிப் போய்விடும். குத்திவிட்டால் பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில் காலை வைத்துவிட்டு, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சொறிமீன் (ஜெல்லிமீன்) பட்டால் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றவும் கூடாது. கடல் தண்ணீராலேயே கழுவுங்கள்.

அப்புறம் தீவுகள். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும், அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. காசு கொடுத்தால் தீவில் இறக்கிவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் ஏறாதீர்கள். வனத்துறை அனுமதித்த படகில் மட்டும் போங்கள். பவளப்பாறை பார்க்கக் கல் மாதிரி இருக்கும், ஆனால் அது உயிர். ஒருவர் அதன்மேல் ஏறி நின்றால் ஆண்டுக்கணக்கில் வளர்ந்தது ஒரு நொடியில் நொறுங்கும். கரையில் ஒதுங்கிய துண்டுதானே என்று பையில் போட்டுக்கொள்வதும் வேண்டாம். பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இருப்பவை. வழக்கு வரும்.

காரங்காட்டு அலையாத்திக் காட்டில் சேற்றிலிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டிருப்பவை மரம் மூச்சு விடும் வேர்கள். போட்டோவுக்காக அங்கே இறங்கி மிதிக்காதீர்கள், படகிலேயே இருங்கள்.

தை, மாசியில் வந்தால் கோதண்டராமர் கோயில் பக்கத்துத் தண்ணீரில் பூநாரைகள் நிற்பதைப் பார்க்கலாம். தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றுத் தண்ணீரை அரித்தபடி மெல்ல நகரும். கூட்டமாகப் பறக்கும் காட்சி வேண்டும் என்று சிலர் கைதட்டி ஓடுகிறார்கள். தொலைதூரத்திலிருந்து பறந்து வந்தவை அவை. நாம் விரட்டும் ஒவ்வொரு தடவையும் இரை தின்னும் நேரம்தான் போகிறது. பைனாகுலர் இருந்தால் கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் சாலையிலேயே பத்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். சில சமயம் அவையே மேய்ந்துகொண்டு பக்கத்தில் வரும்.