ஐந்து சுரத்தில் காதைப் பழக்கும்போது எங்கே தவறுகிறோம்

மதுரையில் கீபோர்டு, கிடார் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் பலர் பென்டடானிக் ஸ்கேலை, அதாவது ஐந்து சுர வரிசையை, சீக்கிரமே விரலுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். கிடாரில் ஐந்தாம் ஃபிரெட்டில் தொடங்கும் அந்தப் பெட்டி வடிவம், கீபோர்டில் ஐந்து கறுப்புக் கட்டைகள், அவ்வளவுதான். அதே பிள்ளையைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு ஒரு சுரத்தை வாசித்து 'இது என்ன?' என்று கேட்டால் பதில் வராது. விரல் கற்றது காதுக்குப் போய்ச் சேரவில்லை. ஐந்தே சுரம் என்பதால் காதுப் பயிற்சி தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் தொடங்கும்போதே ஆதார சட்ஜத்தை, அதாவது மற்ற சுரங்களுக்கு அடிப்படையான ச-வை, விட்டுவிடுகிறார்கள். மற்ற தவறுகள் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகின்றன.

சுருதி (பின்னணியில் தொடர்ந்து ஒலிக்கும் அந்த ச) போடாமல் ஸ்கேலை மேலும் கீழும் ஓட்டுவது முதல் தவறு. அதனால் என்ன போகிறது என்பதை ஒரு சோதனையில் தெரிந்துகொள்ளலாம். சுருதியை நாம் 1 கட்டை (சி), 2 கட்டை (டி) என்று எண்ணுகிறோம். அந்தக் கணக்கில் கீபோர்டின் கறுப்புக் கட்டைகள் எல்லாம் அரைகள்: 1½, 2½, 4½, 5½, 6½. போனில் தம்புரா செயலியை 4½ கட்டையில் வைத்து, கறுப்பை மட்டும் நிதானமாக வாசியுங்கள். மோகன ராகம் கேட்கும். கறுப்பை விட்டு விரலை எடுக்காமல் சுருதியை மட்டும் 5½-க்கு மாற்றுங்கள், மத்யமாவதி. 6½-இல் ஹிந்தோளம், 1½-இல் சுத்த சாவேரி, 2½-இல் சுத்த தன்யாசி. வாசிக்கும் கட்டைகள் மாறவே இல்லை, ராகம் மட்டும் மாறிவிட்டது. கர்நாடக இசையில் இதைத்தான் கிரக பேதம் என்கிறார்கள். மேற்கத்திய வகுப்பில் மேஜர் பென்டடானிக் என்பது மோகனத்தின் சுரங்கள், மைனர் பென்டடானிக் என்பது சுத்த தன்யாசியின் சுரங்கள். சுருதி இல்லாமல் ஓட்டுபவருக்கு இந்த ஐந்தும் ஒன்றாகத்தான் கேட்கும். (ஹிந்தோளத்தில் பஞ்சமம் கிடையாது. கச்சேரியில் ச-வும் ப-வும் ஒலிக்கும் ச-ப சுருதியிலேயே பாடுவார்கள், ஆனால் புதிதாகக் காது பழக்குபவர் அதற்கு ச-ம சுருதி வைத்துக்கொள்வது நல்லது.)

இதே காரணத்தால், இரண்டு சுரத்தை மட்டும் ஒலிக்கவிட்டு 'இடைவெளி என்ன?' என்று கேட்கும் செயலிகளிலேயே நேரம் முழுவதையும் செலவிடுவதும் சரியில்லை. மோகனத்தில் ரி-க ஒரு முழு இடைவெளி (கறுப்பு, வெள்ளை எல்லாம் எண்ணினால் இரண்டு கட்டை தள்ளி), ப-த-வும் ஒரு முழு இடைவெளி. அளவு ஒன்றுதான், கேட்கும் உணர்வு வேறு. ரியிலிருந்து க-வுக்குப் போய் நிற்கலாம், அங்கே ஓய்வு கிடைக்கும். த-வில் நின்றால் அடுத்து எங்கே என்று மனசு தேடும். பாட்டைக் கேட்டுச் சுரம் பிடிக்க உதவுவது இந்த உணர்வுதான்.

அடுத்தது, வாயைத் திறக்காமலே பயிற்சி செய்வது. குரல் நன்றாக இல்லை, நான் வாத்தியம்தானே வாசிக்கிறேன் என்பார்கள். கட்டையை அழுத்தினால் சுரம் தானாக வந்துவிடும், காதுக்கு வேலையே இல்லை. பாடினால்தான் சுரம் முதலில் மனசில் வர வேண்டியிருக்கும். எனவே முதலில் பாடுங்கள், பிறகு கட்டையைத் தொட்டுச் சரிபாருங்கள். உங்கள் குரலுக்கு ஒத்த சுருதியில் பாடுங்கள்: ஆண்களுக்குப் பெரும்பாலும் 1 அல்லது 1½, பெண்களுக்கு 5 அல்லது 5½ சுற்றி இருக்கும். இதில் நமக்கு ஒரு பெரிய வசதி உண்டு, அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. கல்பனா சுரம் (மேடையிலேயே கற்பனையாக அமைக்கும் சுரம்) பாடும்போது வித்வான் சுரத்தின் பெயரையும் ஒலியையும் சேர்த்தே தருகிறார். கர்நாடக இசைப் பாடகர் மதுரை மணி அய்யரின் (1912–1968) பதிவுகளில் மோகனமோ ஹிந்தோளமோ கிடைத்தால், சுரம் பாடும் பகுதியை மட்டும் எடுத்து, ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) கேட்பது, நிறுத்துவது, திரும்பப் பாடுவது என்று பழகுங்கள். சுருதி சுத்தத்துக்கும் தாளத்தோடு இயல்பாக ஓடும் சர்வலகு சுரத்துக்கும் பேர்போனவர். இதைவிட நல்ல காதுப் பயிற்சிப் பாடம் எனக்குத் தெரியாது.

'ஐந்து சுரம் என்றாலே பென்டடானிக், எல்லாம் ஒரே குடும்பம்' என்ற எண்ணமும் காதைக் குழப்பும். சித்திரைத் திருவிழாவில் மாசி வீதியில் சாமி வரும்போது நாதஸ்வரத்தில் மல்லாரி என்ற ஊர்வல இசையைக் கேட்டிருப்பீர்கள். அது கம்பீர நாட்டை: ச க ம ப நி. அதுவும் ஐந்துதான். ஆனால் க-வும் ம-வும் ஒட்டி நிற்கின்றன, நி-யும் மேல் ச-வும் ஒட்டி நிற்கின்றன. மேலே சொன்ன ஐந்து ராகத்திலும் அப்படி அரை இடைவெளியே கிடையாது. அவை அவ்வளவு இலகுவாக ஒலிப்பது அதனால்தான். மோகனத்தையும் கம்பீர நாட்டையையும் ஒரே சுருதியில் மாற்றி மாற்றிப் பாடினால் இந்த வேறுபாடு ஒரு நாளில் பிடிபட்டுவிடும். மோகனம் நம் ஊருக்குப் புதிதும் இல்லை. சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வெளியே ஆய்ச்சியர் ஆடும் குரவையில் வரும் முல்லைத் தீம்பாணி மோகனம்தான் என்று இசை ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

இனி ப்ளூஸ். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களிடம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவான இசை அது. அதன் ஸ்கேலை எழுதிக் காட்டினால் நமக்கு எளிதாகத் தெரியும்: சுத்த தன்யாசியின் ஐந்து சுரம், கூடவே சுத்த மத்யமத்துக்கும் (தாழ்ந்த ம) பஞ்சமத்துக்கும் நடுவே பிரதி மத்யமம் (உயர்ந்த ம). 'சரி, புரிந்துவிட்டது' என்று சுத்த தன்யாசி பாடுவதைப் போலவே இதையும் பழகுகிறார்கள். தவறு அங்கேதான்.

ப்ளூஸில் அடியில் ஓடுவது தம்புரா இல்லை, மாறிக்கொண்டே இருக்கும் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்). ஒன்றாம் கட்டையில் எடுத்துக்கொண்டால் சி7, எஃப்7, ஜி7 என்று பன்னிரண்டு பாருக்குள் (பார் என்பது ஒரு தாள அளவு) ஒரு சுற்று. சி7 கார்டில் அந்தர காந்தாரம் (உயர்ந்த க) இருக்கிறது. அதன் மேல் நீங்கள் பாடுவது சாதாரண காந்தாரம் (தாழ்ந்த க). இரண்டும் உரசும், அந்த உரசலில்தான் ப்ளூஸின் ருசி. ஐந்தாவது பாரில் கார்டு எஃப்7-க்கு மாறியதும் அதே சாதாரண காந்தாரம் அந்தக் கார்டுக்குள்ளேயே இருப்பதால் சட்டென்று அடங்கும். ஒன்பதாவது பாரில் ஜி7 வந்ததும் மறுபடி உறுத்தும். அந்த ஒரே சுரத்தை நீளமாகப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு பாரையும் ஓடவிட்டுக் கேளுங்கள். சாதாரண காந்தாரமே உள்ள மைனர் கார்டு ஒன்றை மட்டும் வைத்துப் பழகுபவருக்கு இந்த உரசல் காதில் விழவே விழாது.

அந்தப் பிரதி மத்யமத்தில் போய் உட்கார்ந்துகொள்வது இன்னொரு தவறு. பெரும்பாலும் அது கடந்து போகும் இடம்: ம-விலிருந்து ப-வுக்கு ஏறும்போது, அல்லது ப-விலிருந்து இறங்கும்போது தொட்டுவிட்டுப் போக வேண்டும். தொடக்கத்தில் அதில் நின்றுவிட்டால் பஞ்சமமே காதில் பிசகிவிடும்.

காந்தாரத்தைக் கீபோர்டை வைத்து மட்டும் பழகுவதும் போதாது. கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்கும் இடையே 100 சென்ட் (சுர இடைவெளியை அளக்கும் அலகு). சட்ஜத்திலிருந்து சாதாரண காந்தாரம் 300, அந்தர காந்தாரம் 400. ப்ளூஸ் பாடகர் நிற்கும் காந்தாரம் பல நேரம் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கும். கிடாரில் அமெரிக்க ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங் போன்றவர்கள் கம்பியைத் தள்ளி அந்த இடத்துக்குப் போனார்கள். கர்நாடக சங்கீதம் கற்றவர்கள் இதைக் கேட்டதும் கமகம் என்று நினைத்துக் காந்தாரத்தை அசைக்கத் தொடங்கிவிடுவார்கள். அந்த அசைவு (கம்பிதம்) இங்கே பொருந்தாது. ப்ளூஸில் சுரம் கீழிருந்து மெதுவாக ஏறி, நடுவழியில் அப்படியே தங்கிவிடும். உசிலம்பட்டிப் பக்கம் ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சுரம் இழுபட்டு ஏறி இறங்குவது பழக்கம்தான். அந்தக் காது இங்கே கைகொடுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் உட்காருவதும் வேண்டாம். தினம் பதினைந்து நிமிடம் போதும். ஒரு வாரம் முழுக்க மோகனம் மட்டும், அடுத்த வாரம் சுத்த தன்யாசி. இரண்டையும் ஒரே சுருதியில், யாராவது வாசிக்கக் கட்டையைப் பார்க்காமல் தப்பில்லாமல் சொல்ல முடிந்த பிறகு ப்ளூஸுக்கு வாருங்கள்.