மெலடோனின் போட்டால் உடம்பு சீக்கிரம் தேறுமா? மாத்திரையைத் தொடுவதற்கு முன் படியுங்கள்

கடுமையாகப் பயிற்சி செய்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் அதில் ஒருவராவது சொல்வார்: "ராத்திரி ஒரு மெலடோனின் போடு, காலையில் தசை வலியே இருக்காது." நானும் அதை நம்பித்தான் முதல் டப்பாவை வாங்கினேன். அதிகம் என்றால் நல்லது என்று 10 மில்லிகிராம் மாத்திரையாகப் பார்த்து வாங்கி, மறுநாள் விடிகாலை நீண்ட ஓட்டம் இருக்கும்போது இரவு 11 மணிக்கு முழுசாக விழுங்கினேன். தூக்கம் வந்தது, சரி. ஆனால் காலையில் முதல் நாலு கிலோமீட்டர் வரை தலைக்குள் பஞ்சை அடைத்து வைத்த மாதிரி இருந்தது, தொடை வலியும் வழக்கம்போல அப்படியே இருந்தது.

தப்பு மாத்திரையில் இல்லை, நான் அதைப் புரிந்துகொண்ட விதத்தில்தான். மெலடோனின் தூக்க மாத்திரை இல்லை, தசையை ஒட்டவைக்கும் பசையும் இல்லை. மூளைக்குள் இருக்கும் பினியல் சுரப்பி இருட்டியதும் சுரக்கிற ஹார்மோன் அது. "ராத்திரி ஆயிடுச்சு" என்று உடம்புக்குத் தகவல் சொல்வதுதான் அதன் வேலை. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு ஏறக்குறைய 2 மணி நேரம் முன்பே சுரப்பு தொடங்கிவிடும், கண்ணில் பளிச்சென்று வெளிச்சம் பட்டால் அடங்கிவிடும். அதனால் மாத்திரையைப் போட்டுவிட்டுப் படுக்கையில் போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கிடந்தால், காசு கொடுத்து வாங்கிய தகவலை நீங்களே மறுத்துப் பேசுகிறீர்கள் என்று அர்த்தம்.

தூக்கத்துக்கு எவ்வளவு உதவும்? 2013-இல் 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், தூக்கம் பிடிக்கும் நேரம் சராசரியாக 7 நிமிடம் குறைந்தது, மொத்தத் தூக்கம் 8 நிமிடம் கூடியது. அவ்வளவுதான். இதோடு 2011-இல் வந்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வை வைத்துப் பாருங்கள். அங்கே 11 கூடைப்பந்து வீரர்களிடம் தினம் 10 மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள், மாத்திரை எதுவும் இல்லை. சில வாரங்களில் ஸ்பிரின்ட் நேரம் 16.2 வினாடியிலிருந்து 15.5-க்கு இறங்கியது. ஆகவே நீங்கள் தினம் ஆறு மணி நேரம் தூங்கிவிட்டு மெலடோனின் தேடுகிறீர்கள் என்றால், முதலில் ஒரு மணி நேரம் முன்னதாகப் படுங்கள், மீதியை அப்புறம் பேசலாம்.

தசை விஷயத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். கால்பந்து வீரர்களிடம் 5, 6 மில்லிகிராம் கொடுத்துச் செய்த சிறிய ஆய்வுகளில், ரத்தத்தில் கிரியாட்டின் கைனேஸ் போன்ற தசைச் சேத அடையாளங்கள் குறைந்திருக்கின்றன. மெலடோனின் ஒரு ஆன்டிஆக்ஸிடன்டும்கூட, அதாவது பயிற்சியில் உண்டாகும் ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்தைத் தணிக்கும் பொருள். ஆனால் ரத்தப் பரிசோதனைத் தாளில் எண் குறைவது வேறு, மறுநாள் நீங்கள் வேகமாக ஓடுவது வேறு. இன்னொன்று, பயிற்சியில் உண்டாகும் அந்த ஆக்ஸிஜனேற்ற அழுத்தமே உடம்புக்கு "இன்னும் வலுவாகு" என்ற தூண்டுதல்தான். 2009-இல் வைட்டமின் சி-யும் இ-யும் அதிக அளவில் கொடுத்துப் பார்த்தபோது பயிற்சியால் கிடைக்கவேண்டிய சில பலன்கள் மழுங்கின. அது வைட்டமின், மெலடோனின் இல்லை. இருந்தாலும் அந்தப் பாடத்தை நான் மறக்கவில்லை. வலிக்காக மட்டும் தினம் போடுவதை விட்டுவிட்டேன்.

அப்போது எதற்குத்தான் போடுவது? உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் தடம் மாறும்போது.

முதல் இடம் விமானப் பயணம். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட நேர மண்டலங்களைத் தாண்டி, முக்கியமாகக் கிழக்கு நோக்கிப் போட்டிக்குப் போகிறீர்கள் என்றால் இது நிஜமாகவே வேலை செய்யும். பல சோதனைகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2002 மதிப்பாய்வில் 10 சோதனைகளில் 9 அதைத்தான் காட்டின. போய்ச் சேர்ந்த ஊரின் படுக்கை நேரத்தில், அதாவது அந்த ஊர் நேரப்படி இரவு 10 மணிக்கும் 12 மணிக்கும் நடுவில், 0.5 முதல் 3 மில்லிகிராம், இரண்டு மூன்று இரவுகள், போதும். 5 மில்லிகிராம் போட்டால் கொஞ்சம் சீக்கிரம் தூக்கம் பிடிக்கும், கடிகாரத்தைத் திருப்புவதில் பெரிய வித்தியாசம் இல்லை. விமானத்தில் ஏறியதும் பகல் என்றும் பாராமல் போட்டுவிட்டுத் தூங்கினால் உடம்பு இன்னும் குழம்பும்.

இரண்டாவது, விளக்கு வெளிச்சத்தில் இரவு 10 மணிக்கு முடியும் மேட்ச். இங்கேதான் பலர் சொதப்புகிறார்கள். மேட்ச் முடிந்ததும் உடம்பு சூடாக இருக்கும், இதயம் படபடக்கும், இரண்டாம் பாதியில் சாப்பிட்ட காஃபீன் ஜெல் இன்னும் பாதி ரத்தத்தில் இருக்கும். படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபீன் எடுத்ததற்கே ஒரு மணி நேரத்துக்கும் மேல் தூக்கம் குறைந்தது என்று ஒரு ஆய்வு சொல்கிறது, போதாததற்குக் காஃபீனும் மெலடோனினும் கல்லீரலில் தங்களை உடைக்கும் ஒரே நொதிக்காகத்தான் வரிசையில் நிற்கின்றன. அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: மேட்ச் முடிந்த உடனே மாவுச்சத்தும் புரதமும் உள்ள சாப்பாடு, பிறகு வெந்நீர்க் குளியல், விளக்கைக் குறைப்பது, சாப்பிட்டு ஒன்றரை இரண்டு மணி நேரம் கழித்துத்தான் மாத்திரை. சாப்பாட்டோடு சேர்த்துப் போடாததற்குக் காரணம் உண்டு, மெலடோனின் உச்சத்தில் இருக்கும்போது உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் குறைகிறது. தசை தன் சர்க்கரைச் சேமிப்பான கிளைகோஜனை நிரப்பும் நேரத்தில் அது நமக்கு வேண்டாம்.

அளவுக்கு வருவோம். 0.3 மில்லிகிராமே உடம்பு இரவில் தானாக எட்டும் அளவுக்குக் கிட்டே கொண்டுபோகும். நான் நடுவில் கோடு போட்ட சாதாரண 1 மில்லிகிராம் மாத்திரையை வாங்கி, கோட்டில் கத்தியை வைத்து அழுத்திப் பாதியாக்கி, படுப்பதற்கு 45 நிமிடம் முன்னால் போடுகிறேன். மெதுவாகக் கரையும் வகையை மட்டும் உடைக்காதீர்கள், உடைத்தால் அதன் கணக்கே போய்விடும். சாதாரண மாத்திரையில் ரத்த அளவு முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய பாதியாகும். பெரிய அளவு போட்டால் காலை வரை மிச்சம் இருப்பது இதனால்தான். பயிற்சிக்கு முன்னால் பகலில் போடுவது சுத்த வீண். காலையில் கொடுத்துப் பார்த்த கால்பந்து வீரர்கள் குறுகிய நேர வேக, வலுச் சோதனைகளில் பின்தங்கினார்கள்.

டப்பாவை நம்புவது தனிக் கதை. 2017-இல் கனடாவில் 31 தயாரிப்புகளைச் சோதித்தபோது, லேபிளில் போட்டதைவிட 83 சதவீதம் குறைவிலிருந்து 478 சதவீதம் அதிகம் வரை இருந்தது. அவற்றில் எட்டுத் தயாரிப்புகளில் செரோடோனின் என்ற வேறொரு வேதிப்பொருள் கலந்திருந்தது. மெலடோனின் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் தடைப் பட்டியலில் இல்லை. ஆனால் டப்பாவில் வேறு ஏதாவது கலந்து சோதனையில் மாட்டினால், "எனக்குத் தெரியாது" என்பது செல்லாது. போட்டிக்குப் போகிறவர்கள் தடைப் பொருள் கலந்திருக்கிறதா என்று சோதித்துத் தரும் இன்ஃபார்ம்டு ஸ்போர்ட், என்எஸ்எஃப் சர்டிஃபைட் ஃபார் ஸ்போர்ட் முத்திரை உள்ளதை மட்டும் வாங்குங்கள், தொகுதி எண்ணைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சில நாடுகளில் இதற்கு மருந்துச் சீட்டு வேண்டும், பயணத்தில் கையோடு கொண்டுபோகும் முன் அதையும் பாருங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், வலிப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து என்று ஏதாவது ஒன்று உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். மனநலச் சிகிச்சையில் கொடுக்கும் ஃப்ளூவாக்ஸமின் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அதே அளவு மெலடோனின் பல மடங்காக ஏறும். போட்ட பிறகு வண்டி ஓட்டவும் கூடாது.

முதல் முறையைப் போட்டிக்கு முந்தின இரவில் வைக்காதீர்கள். மறுநாள் ஓய்வாக உள்ள ஒரு இரவில் தொடங்கி, ஒரு வாரம் போட்டு, ஒரு வாரம் விட்டு, போட்ட நேரம், தூங்கிய நேரம், காலையில் எழுந்தபோது எப்படி இருந்தது என்று மூன்றே மூன்றை நோட்டில் எழுதுங்கள். இரண்டு வாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து வித்தியாசமே தெரியவில்லை என்றால் டப்பாவை மூடி வையுங்கள். நடு ராத்திரி 2 மணிக்கு விழிப்பு வந்தால் இன்னொரு மாத்திரை போடத் தோன்றும், போடாதீர்கள். 5 மணி அலாரம் அடிக்கும்போது அந்த இரண்டாவது மாத்திரை "இன்னும் ராத்திரிதான்" என்று உடம்பிடம் சொல்லிக்கொண்டிருக்கும்.