டிசம்பரில் பஃபலோ போகிறீர்களா? காற்றின் திசையைப் பாருங்கள்

பினாங்கிலிருந்து பிள்ளையைப் பார்க்க அமெரிக்காவின் பஃபலோ நகருக்குப் போகிறவர்கள் கைப்பேசியில் வெப்பநிலையை மட்டும் பார்த்தால் போதாது.

நகரத்தை ஒட்டியுள்ள ஈரி ஏரியின் நீர், 1,500 மீட்டர் உயரத்துக் காற்றைவிட 13 டிகிரி செல்சியஸாவது சூடாக இருந்தால் ஏரிப் பனிக்குத் தோது, அதாவது ஏரியின் ஈரத்தைக் குளிர்காற்று அள்ளிவந்து கொட்டும் பனிப்பொழிவுக்கு. மேற்குத் தென்மேற்குக் காற்று 388 கிலோமீட்டர் நீள ஏரியின் நீளவாக்கிலேயே வந்து, அள்ளிய ஈரத்தையெல்லாம் நகரத்தில் கொட்டும். காற்று கொஞ்சம் திரும்பினால் மேகப்பட்டையும் நகர்ந்துவிடும். பட்டர்வொர்த்தில் மழை கொட்டும்போது ஜெலுத்தோங்கில் வெயில் அடிக்குமே, அந்த மாதிரி. 2014 நவம்பரில் தெற்குப் புறநகர்களில் ஒன்றரை மீட்டருக்கு மேல் பனி. வடக்கே சில சென்டிமீட்டர்தான்.

அதனால் விமான நிலையத்தில் வானம் தெளிவாக இருக்கிறதென்று காரை எடுத்துவிடாதீர்கள். போகும் வழியில் பட்டை நிற்கிறதா என்று வானிலை ரேடார் படத்தில் பாருங்கள். நின்றால் காத்திருங்கள்.

வழியில் சிக்கிக்கொண்டால், முதலில் புகைக்குழாய் வாயை அடைத்திருக்கும் பனியைத் தோண்டி எடுங்கள். அப்புறம்தான் எஞ்சின், அதுவும் மணிக்கு 10 நிமிடம், ஒரு கண்ணாடியைச் சற்றே இறக்கிவிட்டு. குழாய் அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே ஏறும். அதற்கு வாசனையே கிடையாது.

ஈரி ஏரி உறைந்தபின் இந்த ஏரிப் பனி வெகுவாகக் குறையும். ஆனால் பக்கத்திலுள்ள ஆழமான ஒண்டாரியோ ஏரி முழுதாக உறைவது அபூர்வம். அந்தப் பக்கம் போகிறவர்கள் பிப்ரவரியிலும் ரேடார் பார்க்கத்தான் வேண்டும்.