தூளியை இறக்கிக் கட்டுங்கள்
தஞ்சாவூரில் அடுக்குமாடிக்குக் குடிவந்தபோது, தூளி கட்ட ஒரு உத்தரம்கூட இல்லையே என்று அம்மாவுக்குப் பெரிய குறை. கூரையில் தனிக் கொக்கி போட்டு, பழைய நூல் புடவையில் கட்டினோம். குனியாமல் ஆட்ட வசதியாக இடுப்பு உயரத்தில். பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனதும் அந்த வசதிதான் வினை. குப்புற விழுந்து, தலையை வெளியே நீட்டி எட்டிப் பார்க்கிற வயது அது.

இப்போது தரையிலிருந்து ஒரு சாண் உயரம்தான். வெறும் தூளியை அளக்காதீர்கள், பிள்ளையைப் போட்டால் புடவை நாலு விரல் இறங்கும். கீழே பாய், அதன்மேல் மடித்த ஜமுக்காளம். கொக்கியில் உரசும் இடத்தில்தான் துணி முதலில் நைந்துபோகும்; வாரம் ஒருமுறை அவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஃபேன் கொக்கியில் தூளியை மாட்டவே வேண்டாம்.

அப்புறம், பிள்ளை அயர்ந்ததும் தூக்கித் தட்டையான படுக்கையில் மல்லாக்கப் போட்டுவிடுங்கள். தானாக உட்கார ஆரம்பித்தால் அன்றைக்கே தூளியைக் கழற்றிவிட வேண்டும், பாட்டிகள் முறைத்தாலும் சரி.