பந்தை எந்த உயரத்திலிருந்து விடுவது? சிறுவர்களுக்கு டென்னிஸ் அடிகள் கற்பிக்கும் துணைக்கருவிகள்

என் மகளுக்கும் அவளுடைய தோழிகள் நால்வருக்கும் ஃபோர்ஹேண்ட் (மட்டை பிடித்த கையின் பக்கம் வரும் பந்தை அடிப்பது) சொல்லித்தரத் தொடங்கிய முதல் மாதத்தில், ஐந்து பேரும் ஒரே தவற்றைச் செய்தார்கள். மட்டையை மண்வெட்டிபோல் தாழ்த்தி, முழங்கால் உயரத்தில் வந்த பந்தை வானத்தை நோக்கி அள்ளி எறிந்தார்கள். ஆறேழு வயதுக் குழந்தைகள் ஐவருக்கும் ஒரே பிழை வருகிறதென்றால் அது கற்பிப்பவரின் பிழையாகத்தான் இருக்க வேண்டும் என்பது எனக்கு உறைக்கச் சில வாரங்கள் ஆயின. அந்தப் பிழை எந்தப் படியில் ஒளிந்திருந்தது என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். மற்றப் படிகளைச் சுருக்கமாகவே கடக்கிறேன்.

முதலில் கருவிகள். வேகம் குறைந்த சிவப்புப் பந்துகள் ஒரு டஜன், உயரமான கோன் ஒன்று, தரையோடு தட்டையாகக் கிடக்கும் ரப்பர் வட்டங்கள் ஐந்தாறு, நீளமான கயிறு ஒன்று, பழைய நீளக் காலுறை ஒன்று, வண்ண ஒட்டுநாடா ஆகியவை போதும். குழந்தை நிமிர்ந்து நின்று மட்டையைக் கீழே தொங்கவிட்டால் அதன் நுனி தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். தரையில் இழுபடும் மட்டை அந்தக் குழந்தைக்குப் பெரியது. மஞ்சள் பந்திலேயே தொடங்கினால் விரைவில் பழகிவிடுவார்கள் என்று நினைக்கும் பெற்றோர் உண்டு. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2012 முதல் 10 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தை அனுமதிப்பதில்லை என்பதை அவர்களுக்குச் சொல்லலாம். ரப்பர் கயிற்றில் கட்டப்பட்டு, அடித்ததும் திரும்பி வரும் பந்தை நான் வாங்கி வருந்தினேன். குழந்தை மட்டையை மீண்டும் பின்னுக்குக் கொண்டுபோவதற்குள் பந்து திரும்பிவிடுவதால், வீச்சு சுருங்கி வெறும் தட்டலாகிவிடுகிறது.

அடுத்தது பிடி. மட்டையின் கைப்பிடிக்கு எட்டுப் பட்டைகள் உண்டு. மட்டையின் முகம் தரைக்குச் செங்குத்தாக இருக்கும்படி பிடித்து, கைப்பிடியின் அடிப்பக்கத்திலிருந்து பார்த்தால், உச்சியில் இருப்பது முதல் பட்டை. அங்கிருந்து கடிகாரச் சுற்றில் எண்ணினால் வலப்பக்கத்தில் வருவது மூன்றாவது. அந்த மூன்றாவது பட்டையில் ஒட்டுநாடாவை ஒட்டி, சுட்டுவிரலின் அடிக்கணு அதன்மேல் அமர வேண்டும் என்று சொன்னால் ஈஸ்டர்ன் ஃபோர்ஹேண்ட் பிடி அமைந்துவிடும்; விளக்கவுரை தேவைப்படாது.

பிறகு கோன். பந்தைக் கோனின் தலையில் வைத்து, அசையாத பந்தை அடிக்கச் சொல்கிறோம். கோனைக் குழந்தையின் நடுவயிற்றுக்கு நேராக வைத்துவிடுவது எல்லோரும் செய்யும் பிழை; அப்படி வைத்தால் முழங்கை மடங்கி இடுப்போடு ஒட்டிக்கொள்ளும். சரியான இடத்தை அறிய எளிய வழி ஒன்று உண்டு. மட்டையைக் கீழே வைத்துவிட்டு, அடிக்கும் கையின் உள்ளங்கையை விரித்து, முன்னால் நிற்கும் ஒருவருடைய உள்ளங்கையை வலுவாகத் தள்ளும்படி குழந்தையிடம் சொல்லுங்கள். கை எங்கே இருக்கும்போது அதிக வலுவோடு தள்ள முடிகிறதோ, அந்தத் தொலைவுக்கு மட்டையின் நீளத்தையும் கூட்டிக்கொண்டு, முன்காலுக்குச் சற்று முன்னே கோனை வையுங்கள். பத்துப் பதினைந்து அடிகளுக்கு மேல் கோன் வேண்டாம். அதற்கு மேல் போனால் குழந்தை பந்தை மறந்து கோனைச் சாய்ப்பதில் இறங்கிவிடும்.

இனி, என்னைச் சறுக்கவைத்த படி. கோனை அகற்றிவிட்டு, பந்தைக் கையிலிருந்து விட்டு, ஒருமுறை எழும்பியதும் அடிக்கச் செய்ய வேண்டும். குழந்தைகளோடு பேசும்போது அவர்கள் கண்மட்டத்துக்கு இறங்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் நான் மண்டியிட்டு, ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திலிருந்து பந்தை விட்டுக்கொண்டிருந்தேன். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் பந்துச் சோதனை விதிகளின்படி, 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கடினமான தளத்தில் விட்டால் மஞ்சள் பந்து 135 முதல் 147 சென்டிமீட்டர் வரை எழும்ப வேண்டும். சிவப்புப் பந்து சுமார் 90 முதல் 105 வரைதான். அதாவது, விட்ட உயரத்தில் ஐந்தில் இரண்டு பங்குதான் திரும்பிக் கிடைக்கிறது. ஒரு மீட்டரிலிருந்து விட்ட பந்து 40 சென்டிமீட்டர் எழும்பி அடங்கிவிட, பாவம், குழந்தைகள் அள்ளாமல் வேறு என்ன செய்வார்கள்! எழுந்து நின்று, என் தலை உயரத்திலிருந்து பந்தை விட்டேன். பந்து இடுப்பை ஒட்டி எழும்பியது. எதுவும் சொல்லாமலேயே என் மகளின் மட்டை கிடைமட்டமாக வந்து பந்தைச் சந்தித்தது. பந்தைக் கீழ்நோக்கி எறியாமல் விரல்களைத் திறந்து விழவிட வேண்டும். எறிந்தால் எழும்பும் உயரம் ஒவ்வொரு முறையும் மாறும். அடிக்கும் பக்கத்தில், கையை முழுதும் நீட்டினால் மட்டுமே பந்து உரிய இடத்தில் விழும் அளவுக்குத் தள்ளி நின்றுகொண்டு, விட்டதும் கையைப் பின்னிழுத்துக்கொள்வது உங்கள் விரல்களுக்கு நல்லது.

தொடர்ந்து ஐந்தாறு பந்துகள் சீராகப் போனால், எதிரே நான்கு மீட்டர் தள்ளி நின்று கீழ்க்கையாக மெல்ல எறிந்து கொடுக்கலாம். இந்தக் கட்டத்தில் வலைக்கு மேலே ஒரு மீட்டர் உயரத்தில் கயிற்றைக் கட்டி, பந்து அதற்கு மேலே போக வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். "மட்டையைத் தாழ்விலிருந்து மேலே கொண்டுவா" என்று நூறு முறை சொல்லிப் பயனில்லாத இடத்தில் கயிறு வேலை செய்யும். பந்து விழ வேண்டிய இடங்களைக் காட்ட ரப்பர் வட்டங்களே நல்லவை. ஓடும் கால்களுக்கு நடுவே நிமிர்ந்து நிற்கும் கோன்களை நான் வைப்பதில்லை.

சர்வுக்கு, அதாவது ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் அடிக்கு, காலுறை. ஒரு பந்தை அதன் முனையில் போட்டு முடிச்சிட்டு, மறுமுனையைப் பிடித்துத் தோளுக்குப் பின்னாலிருந்து மேல்நோக்கி வீசச் சொன்னால், எறியும் அசைவு பிறந்துவிடும். முழங்கை தாழ்ந்திருந்தால் காலுறை முதுகில் அறைந்து தானே சொல்லிவிடும்.

பின்சேர்க்கை: இந்த முறையைப் பின்பற்றிப் பார்த்த சிலர் இரண்டு சிக்கல்களைச் சுட்டிக்காட்டினார்கள். இடக்கைப் பழக்கமுள்ள குழந்தைக்கு மூன்றாவது பட்டை பொருந்தாது. ஏழாவதில், அதாவது நேர் எதிர்ப்பக்கத்தில், நாடாவை ஒட்ட வேண்டும். அண்ணன் மட்டையைத் தம்பி பயன்படுத்தும் வீடுகளில் பழைய நாடாவை உரித்துவிட்டார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மற்றொன்று தளம் பற்றியது. மேலே சொன்ன கணக்கு கடினமான தளத்துக்கு உரியது. புல்தரையிலோ தளர்ந்த மண்ணிலோ சிவப்புப் பந்து தலை உயரத்திலிருந்து விட்டாலும் எழும்பாது. அங்கே சிவப்பைவிடச் சற்று அதிகம் எழும்பும் ஆரஞ்சுப் பந்துக்கு மாறுங்கள். அதுவும் எழும்பவில்லையென்றால் பலகை ஒன்றைத் தரையில் போட்டு, அதன்மேல் பந்தை விடுங்கள். குழந்தை மட்டையோடு பலகையின்மேல் ஏறி நிற்காதவாறு, அதன் விளிம்புக்கு வெளியே கால்வைக்க ஒரு ரப்பர் வட்டத்தையும் போட்டுவிடுங்கள்.